தராசு அத்தானும் கொடி பீன்ஸும்

என் அக்காவின் கணவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். தொழிற்சாலையில் அவருக்கு ஒரு கூட்டம் போடுகிறார்களாம். அதில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி யாராவது ஒரு பக்கம் படிக்க வேண்டுமாம். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்றாமவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடைசியில் அக்கா என்னிடம் வந்தாள். விதைப் பொட்டலங்களின் முதுகில் நான் எழுதும் நாலு வரியைப் பெரிய எழுத்து என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுடா" என்றாள். நாலெல்லாம் வராது. உள்ளதை எழுதுகிறேன், அதில் நல்லது இருந்தால் அவளே பொறுக்கிக்கொள்ளட்டும்.

அத்தான் வேலை பார்ப்பது ஈரம் உறிஞ்சும் பொட்டலம் செய்யும் இடத்தில். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பொட்டலம் கிடக்குமே, 'தின்னாதே' என்று எழுதியிருக்குமே, அதுதான். மாத்திரை டப்பாவிலும் கேமரா பையிலும் போடுவது அதையேதான். அந்தப் பொட்டலத்துக்குள் போகிற சரக்கை வாங்குவதற்கு முன் சோதிக்கிற அறைக்கு இவர்தான் பொறுப்பு. பொழுது விடிந்து பொழுது போனால் எதையாவது நிறுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே அவருக்கு 'தராசு' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

அக்காவைப் பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை எழுந்து போய் முன்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் அப்பாவைப் பார்த்து, சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது, வர்ணம் பூசி மறைத்திருக்கிறீர்கள், மழைக்குள் உரிந்துவிடும் என்றார். அப்பா அந்த வர்ணத்தைப் பூசியதே இவர் வருகிறார் என்றுதான். மழைக்குள் அது உரிந்தது என்பது வேறு விஷயம். அப்பா சாகும் வரை அந்த மனிதரோடு முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை. அக்கா மட்டும், பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொல்லி அவரையே கட்டிக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவனோடு குடித்தனம் நடத்துவது எத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவரிடம் தப்பித் தவறிக்கூட 'இதில் எது நல்லது' என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தோம். சாப்பாடு ஆறிப்போகும், பேருந்து போய்விடும், அவர் நிறுத்த மாட்டார். உறிஞ்சுவதில் இரண்டு ஜாதி என்று ஆரம்பிப்பார். கால்சியம் குளோரைடு போன்ற உப்புகள் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கடைசியில் தாமே கரைந்து தண்ணீராகிவிடும். மற்றவை குடிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிலிக்கா மணி பார்க்கக் கண்ணாடி உருண்டை போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கரண்டி மணிக்குள் இருக்கிற துளைச் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரு விளையாட்டு மைதானத்துக்குக் காணும். காற்றில் அலைகிற ஈரம் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. சூடு காட்டினால் விட்டுவிடுகிறது, மணியை மறுபடி பயன்படுத்தலாம். சாயம் சேர்த்த மணியாக இருந்தால் காய்ந்தபோது நீலமாகவும் நிரம்பியபோது ரோஜா நிறமாகவும் காட்டும். களிமண் மலிவு. ஆனால் வெயிலில் நிற்கிற லாரிக்குள் சூடு ஏறினால், பிடித்ததையெல்லாம் கக்கிவிடும். இன்னொன்று சல்லடை மணி. அதன் துளைகள் எல்லாம் ஒரே அளவு, தண்ணீருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல. நல்ல ஈரக் காற்றில் அது சிலிக்காவைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் காற்று ஏறக்குறையக் காய்ந்து சிலிக்கா கையை விரித்த பிறகும், சல்லடை மணி மிச்சம் மீதியைத் தேடிப் பிடுங்கும். பிடித்ததை லேசில் விடவும் விடாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பாசம் தெரியும். என் அக்கா பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பாசம் கிடைத்ததில்லை.

ஒப்பிடுவதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். எல்லாச் சரக்கையும் முதலில் உலையில் போட்டு முழுக்கக் காயவைத்துவிட வேண்டும். அரை வயிறு தின்றவனையும் பட்டினி கிடந்தவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, எவன் அதிகம் சாப்பிட்டான் என்று பார்ப்பது ஏமாற்று வேலை என்பார். பிறகு ஒரே எடையில் எடுத்து, மூடிய ஜாடிகளுக்குள் வைக்க வேண்டும். ஜாடியின் அடியில் தண்ணீர் விட்டுக் குழைத்த உப்பு இருக்கும். சாப்பாட்டு உப்பு என்றால் உள்ளே காற்று நல்ல ஈரத்தில் நிற்கும். வேறு சில உப்புகள் என்றால் காற்று காய்ந்தே நிற்கும். எடை ஏறுவது நிற்கிற வரை எடுத்து எடுத்து நிறுக்க வேண்டும். ஈர ஜாடியில் முதலில் வந்தது காய்ந்த ஜாடியில் கடைசியாகப் போகும். ஆகவே எது நல்லது என்று கேட்பவன் முட்டாள். எதுக்கு, எங்கே, எத்தனை நாளைக்கு, எவ்வளவு சூட்டில் என்று கேட்க வேண்டும். அந்த 'எதுக்கு' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அவர் எத்தனை பேரை அழ வைத்திருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு முறை ஒரு விற்பனைக்காரர் குளோரைடு கொண்டுவந்து, மேலாளர்கள் முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் வேடிக்கை காட்டியிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு குடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தான் விற்பனைக்காரருடைய ஷூவில் ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, அந்தச் சரக்கோடு ஒரு பெட்டியில் போட்டு, ஈரக் காற்று நிறைத்த சோதனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த மனிதர் ஒற்றை ஷூவோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் தோல் முழுக்க உப்புத் தண்ணீர் ஊறி, ஷூ செத்த பெருச்சாளி போலக் கிடந்தது. கப்பலில் போகும் பெரிய பெட்டிக்கு, ஒழுகாத பையில் போட்டால் அதே சரக்கு தங்கம் என்பது இவருக்குத் தெரியும். அதை அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஷூவை மட்டும் தன் மேஜை மேல் காட்சிக்கு வைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட அங்கே ஆள் கிடையாது.

இனி என் பக்கம். எனக்குக் கடைத்தெருவில் ஒரு விதைக்கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி, முன்னால் வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி. ஊரில் யார் வந்தாலும் உட்காரச் சொல்வேன். அத்தானை மட்டும் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. வந்தால் நின்றபடியே நாலு குற்றம் கண்டுபிடித்துவிட்டு நின்றபடியே போய்விடுவார்.

கடையில் கத்தரியும் வெண்டையும் எல்லாரிடமும் இருக்கிறது போலத்தான் இருக்கும். ஆனால் கொடி பீன்ஸ் ஒன்று, அது என்னிடம் மட்டும்தான். எல்லாச் செடியும் அழுகிச் செத்த ஒரு பேய்மழை வருஷத்தில் எங்கள் கொல்லையில் ஒரே ஒரு கொடி மட்டும் நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து எடுத்து, ஒவ்வொரு விதைப்புப் பட்டத்திலும் நல்ல கொடியாகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய விதை. நார் கிடையாது, மழைக்கு அசையாது. அதற்காகவே தூரத்திலிருந்து ஆள் வரும். அது போனால் வேறு எங்கே போயும் வாங்க முடியாது. அது இருக்கிற வரைக்கும்தான் என் கடைக்கு மரியாதை.

விதைக்கு ஈரம் ஆகாது. பூசணம் பிடிக்கும், வண்டு விழும், உயிர் சீக்கிரம் போகும். ஆகவே நான் சலித்த விறகுச் சாம்பலைத் துணியில் கட்டி டப்பாவின் அடியில் போட்டு வைப்பேன். ஒரு மழைக்காலத்தில் அப்படியும் கொஞ்சம் விதையில் பூசணம் வந்துவிட்டது. அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே தராசு கடைக்கு வந்து நின்றது. டப்பாவுக்குள் கையை விட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "இது பாத்திரம் தேய்க்கிற சரக்குல்ல?" என்றது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். உங்கள் பொட்டலம் ஒரு பட்டம் நிற்குமா, என் சாம்பல் எத்தனை பட்டம் பார்த்திருக்கிறது என்று கத்தினேன். சரி, போட்டி வைப்போம் என்றார். கல்லா மேல் இரண்டு கண்ணாடி ஜாடி வந்தது. ஒன்றில் என் சாம்பல், இன்னொன்றில் அவருடைய மணி, இரண்டிலும் காற்றின் ஈரத்தைக் காட்டுகிற சின்ன முள் கருவி. அவர் நீல மணி போட்டிருந்தாலே என் சாம்பலை ஜெயித்திருப்பார். அது அவருக்குப் போதவில்லை. சல்லடை மணியைக் கொண்டுவந்தார். என்னை ஜெயித்தால் மட்டும் போதாது, தரையோடு தரையாகத் தேய்க்க வேண்டும்.

கடைத்தெருவே வந்து எட்டிப் பார்த்தது. என் ஜாடியில் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்கி அங்கேயே சோம்பலாக நின்றுவிட்டது. அவர் ஜாடியில் முள் அடியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. எதிர்த்த பூட்டுக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி, உங்க மணியவே கொட்டுங்க" என்றேன். அவரும் மணியைத் துணிப் பையில் கட்டி விதை டப்பாவுக்குள் போட்டார். பீன்ஸ் விதை எவ்வளவோ அவ்வளவு மணி, அதற்கு மேல் ஒரு கை. அவருடைய தொழிலில் குறைவாகப் போடுவதுதான் குற்றம். கூடப் போட்டதற்காக எந்த மாத்திரையும் எந்தக் கேமராவும் இதுவரை புகார் சொன்னதில்லை. இனி காய்ந்தது போதும் என்று சொல்கிற பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

பட்டம் வந்தது. டப்பாவைத் திறந்து கொட்டியபோது விதை சரளைக்கல் போலக் கலகலவென்று ஓசை கொடுத்தது. ஒரு பூசணம் இல்லை, ஒரு வண்டு இல்லை. வயிற்றெரிச்சலோடு விற்றேன். பத்து நாள் போயிருக்கும், மாடித்தோட்டம் வைத்திருக்கிற ஓர் அம்மா கைக்குட்டையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து கல்லாவில் கொட்டினார். உள்ளே என் பீன்ஸ், இரண்டாகப் பிளந்து, கொழகொழவென்று நாறிக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். என் சொந்தப் பாத்தியைத் தோண்டிப் பார்த்தேன், அங்கேயும் அதே கதி. மிச்ச விதையில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். ஒன்றுகூட முளை விடவில்லை.

முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். தராசு தோற்றுவிட்டது. நேராக அக்கா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவர் உள்ளேயிருந்து வரக்கூட இல்லை. விதையே மோசமாக இருந்திருக்கும், மணியில் குறை இல்லை என்று அக்கா வழியாகப் பதில் வந்தது. திரும்பி வருகிற வழியில்தான் சந்தோஷம் வடிந்து, நடந்தது என்னவென்று உறைத்தது. இனி அந்தக் கொடியை நான் பார்க்கப் போவதில்லை. அத்தனை பட்டம் பொறுக்கியது, அத்தனை பேர் தேடி வந்தது, எல்லாம் ஒரு மனிதனுடைய வீம்புக்குப் போய்விட்டது. தெருவில் நடக்கும்போதே கண் கலங்கிற்று. ஆத்திரம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

கடையில் இன்னும் கால் டப்பா விதை இருந்தது. உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். செத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அக்கா சமாதானம் பேச வந்தபோது டப்பாவை அவள் கையில் திணித்தேன்.

"இத வேகவச்சு உன் புருஷனுக்குப் போடு. கொன்னவரே தின்னு தீர்க்கட்டும்."

அக்கா அழுதுகொண்டே வாங்கிப் போனாள். போனவள் நிஜமாகவே சமைக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் கோபம் அப்படி. எங்கள் இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து அந்த பீன்ஸை விழுங்க வைக்க வேண்டும் என்று இருந்ததாம். பாதி விதையைப் பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். மீதியைக் கொட்டப் போனபோது அந்தக் கலகல ஓசை கேட்டு அத்தான் அடுத்த அறையிலிருந்து வந்தார். கூழாங்கல்லையா வேகவைக்கிறாய் என்று கேட்டார். ஒரு விதையை எடுத்துக் கடித்தார். பல் பதியவில்லை, கண்ணாடி போலச் சிதறியது. பிறகு பாத்திரத்துக்குள் பார்த்தார். ஊற்றிய கொஞ்ச நேரத்துக்குள் தோல் எல்லாம் சுருங்கிச் சுருங்கி வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பருப்பு குறுக்காகக் கீறல் விட்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாராம். அவர் முகம் அப்படிப் போய் அக்கா பார்த்ததே இல்லையாம்.

டப்பாவில் இருந்த மீதியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். ஒரு மூடி போட்ட பாத்திரத்தின் அடியில் ஈரத்துணி, அதற்கு மேலே தொடாமல் மாவு சலிக்கிற சல்லடை, சல்லடையில் விதை. தண்ணீர் படவில்லை, ஈரக் காற்று மட்டும். சமையலறைத் தராசில் நிறுப்பார், மூடுவார், மறுபடி திறந்து நிறுப்பார். விதை கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியது. காய்ச்சல் வந்தால்கூட லீவு போடாத மனிதர் இரண்டு நாள் லீவு போட்டார். எடை போதும் என்று தோன்றிய பிறகு, ஒரு தட்டு மண்ணில் ஒரு பிடியை ஊன்றினார். பக்கத்துத் தட்டில் அப்படிச் செய்யாத விதை ஒரு பிடி. ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த மனிதரால் எதையும் செய்ய முடியாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

பத்து நாள் கழித்து, சந்தை நாள். கடை நிறைய ஆள். அத்தான் இரண்டு தட்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு, கக்கத்தில் டப்பாவை இடுக்கிக்கொண்டு வந்தார். தட்டுகளைக் கல்லா மேல் வைத்தார். ஒன்றில் வெறும் மண், அழுகல் நாற்றம். இன்னொன்றில் பீன்ஸ் முளைத்திருந்தது. ஒவ்வொன்றும் தலையில் மண்ணைச் சுமந்துகொண்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. தண்டில் லேசாக ஊதா ஓடும், என் கொடிக்கு மட்டும் உள்ள அடையாளம் அது. அதுவும் இருந்தது.

"விதை சாகல" என்றார். "அளவுக்கு மேல காஞ்சு போச்சு. அப்படிக் காஞ்சத திடீர்னு ஈரத்துல போட்டா, அவசரமா உறிஞ்சி உள்ளேயே வெடிச்சுருது. ரெண்டு நாள் ஈரக் காத்துல வச்சுட்டு ஊனினா வருது. டப்பாவுல மிச்சம் இருக்கு. அப்படிச் செஞ்சு ஊனு."

கடையில் இருந்தவர்கள் தட்டுக்கு மேலே குனிந்தார்கள். பூட்டுக் கடைக்காரர்கூட இந்தப் பக்கம் வந்துவிட்டார். இந்த மாதிரி ஒரு நாளுக்காக நான் அப்பா காலத்திலிருந்து வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்தேன்.

"அப்ப தப்பு யாரோடது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என்னோடது. எது ஜெயிக்கும்னு பாத்தேன். எதுக்குன்னு கேக்கல." அடுத்ததைச் சொல்ல அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது. "இந்த விதைக்கு உன் சாம்பலே போதும். மழைக்காலத்துல மட்டும் அப்பப்ப மாத்து."

வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தன. அடுத்ததைத் தேடினேன். அந்த மனிதரைப் பிடிக்காமல் இருப்பது எனக்கு ஒரு பழக்கம், சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வது போல. கை அங்கே போனால் பை காலியாக இருந்தது. அதற்கும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. முளைத்த தட்டை எடுத்து வெயில் படாத இடத்தில் வைத்தேன். டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். அதற்கு மேல் செய்வதற்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

வேறு வழியில்லாமல் முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். உட்காருங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை, "அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைப் பார்த்தார். முதுகுப் பக்கத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"ஒரு கால் குட்ட" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.